எட்டுப் பேரின் வயது

கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒன்பது இதழ்கள் வந்தன. ஒருவருக்குக் கையெழுத்து அழகு. ஒருவர் படம் வரைவார். ஒருவர் கதை எழுதுவார். கட்டுரை, கவிதை, ஆசிரியர்களிடம் திட்டு வாங்குதல் ஆகிய பொறுப்புகளை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டோம். இப்போது ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும்போதெல்லாம் அந்தப் பத்திரிகையைப் பற்றித்தான் பேசுகிறோம். சென்ற சந்திப்பில் ஒருவர், “பேசியது போதும், பத்தாவது இதழைக் கொண்டுவருவோமே” என்றார். சிறு அமைதிக்குப் பிறகு இன்னொருவர் கேட்டார்: “இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?” எல்லோரும் சிரித்தோம். பேச்சு வேறு பக்கம் போயிற்று.

கேள்வி மட்டும் எங்களுடன் வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்கான விடை, நாங்கள் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், பல்கலைக்கழகப் படகோட்டிகளின் வரலாற்றில் கிடைத்தது என்று சொன்னால் வாசகர்கள் வியக்கக்கூடும். மாணவப் பருவத்தில் ஒன்றாகத் துடுப்புப் போட்டவர்கள், இருபது, நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துக் கூடி, மீண்டும் அதே படகில் ஏறுகிறார்கள். சிலர் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சிலர் போட்டியிலேயே கலந்துகொள்கிறார்கள். இது கிழட்டு ஆசை என்றும், பணமும் ஓய்வும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றும் ஒரு கருத்து உண்டு. எங்களுக்குள்ளேயே சிலர் அப்படித்தான் கருதினார்கள். அது அப்படியன்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

தமிழில் துடுப்புப் போடுவதற்குத் ‘தண்டு வலித்தல்’ என்றொரு பழைய வழக்கு உண்டு. வலித்தல் என்றால் இழுத்தல். வலி என்றால் வலிமை. வலி என்றால் நோவும்தான். இழுப்பதையும் வலுவையும் நோவையும் ஒரே வேரில் வைத்திருக்கும் இந்தச் சொல், எழுபது வயதில் படகேறுகிறவர்களின் நிலையை ஒரு முழுக் கட்டுரையைவிட நன்றாகச் சொல்லிவிடுகிறது. முதல் பொருளில் வலி குறைந்திருக்கிறது, இரண்டாம் பொருளில் கூடியிருக்கிறது, ஆனாலும் வலிக்கிறார்கள்.

*

இந்த விளையாட்டின் அமைப்பைச் சற்று விளங்கிக்கொண்டால்தான் மேலே செல்ல முடியும். எண்மர் படகு என்பது ஏறத்தாழ 18 மீட்டர் நீளமும், ஓர் ஆள் உட்காரும் அளவே அகலமும் கொண்டது. எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரே ஒரு துடுப்பு; நால்வர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். இருக்கைகள் சிறு தண்டவாளத்தின் மீது முன்னும் பின்னும் நழுவும். பார்ப்பவர்களுக்குக் கைகளின் வேலையாகத் தெரிவது உண்மையில் கால்களின் வேலை. எட்டுப் பேரும் படகு செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். போகுமிடம் அவர்களுக்குத் தெரியாது. கடந்துவந்த இடம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். முன்னால் பார்ப்பவர் ஒரே ஒருவர்தான்: சுக்கானைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்கும் ஒன்பதாமவர். அவரைக் ‘காக்ஸ்’ என்பார்கள்.

எட்டுத் துடுப்புகளும் ஒரே கணத்தில் நீரைத் தொட வேண்டும், ஒரே கணத்தில் நீரைவிட்டு எழ வேண்டும். ஒருவருடைய துடுப்பு அரைக்கணம் பிந்தினால் படகு சாய்கிறது; நீரில் சிக்கிக்கொண்டால் அவரையே தூக்கி எறிந்துவிடவும் கூடும். இதில் தனித்த வீரன் என்று ஒருவன் கிடையாது. கிரிக்கெட்டில் பத்துப் பேர் சொதப்பினாலும் ஒருவர் சதம் அடிக்கலாம். இங்கே ஒருவர் மிகச் சிறப்பாக வலித்தால் படகு வளைந்துதான் போகும். எட்டுப் பேரும் தம்மை மறந்து ஒரே மூச்சாகிவிடும் சில நிமிடங்களில் படகு தானே மிதந்து செல்வதைப் போலிருக்குமாம். அந்த நிலைக்கு ‘ஸ்விங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை ஒருமுறை அனுபவித்தவர்கள் வாழ்நாள் முழுவதும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இங்குதான் மறுசந்திப்பின் பொருள் தொடங்குகிறது. ஓட்டப்பந்தய வீரர் தம் முதுமையில் தனியாக ஓடலாம். நீச்சல்காரர் தனியாக நீந்தலாம். எண்மர் படகின் பழைய வீரர் தம் இளமையின் ஒரு துளியைக்கூடத் தனியாகத் திரும்பப் பெற முடியாது. அது எட்டுப் பங்காகப் பிரிக்கப்பட்டு எட்டுப் பேரிடம் இருக்கிறது. மற்ற ஏழு பேரும் வந்தால்தான் உண்டு.

*

முதியவர்கள் போட்டிக்குத் திரும்புவது இன்றைய உடற்பயிற்சி மோகத்தின் விளைவு என்று கருதுபவர்கள் 1908ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு ஒலிம்பிக் லண்டனில் நடந்தது. படகுப் போட்டிகளுக்குத் தேம்ஸ் நதியின் ஹென்லி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆங்கிலேயர்கள் தங்கள் சொந்த விளையாட்டு என்று கருதிவந்த எண்மர் போட்டியில், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் ஹென்லியின் தலைசிறந்த கோப்பையைப் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தார் தட்டிச் சென்றிருந்தார்கள். அந்தக் காயம் ஆறாத நிலையில் பிரிட்டன் இரண்டு படகுகளை இறக்கியது. ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துடையது. மற்றொன்று லியாண்டர் கழகத்துடையது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் முன்பு வலித்தவர்களைத் திரட்டி அமைத்த படகு அது.

லியாண்டர் படகில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்களும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நால்வர் முப்பதைக் கடந்தவர்கள். அவர்களுள் கய் நிக்கால்ஸுக்கு வயது 41. ஆக்ஸ்ஃபோர்டுக்காக அவர் முதன்முதலில் வலித்தது 1887இல். அதாவது இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன்பு. அந்தக் குழுவுக்கு ‘ஓட்டை உடைசல்கள்’ என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயர் சூட்டப்பட்டது. அரையிறுதியில் கேம்பிரிட்ஜ் இளைஞர்கள் பெல்ஜியத்திடம் தோற்றார்கள். இறுதிப் போட்டியில் அதே பெல்ஜியத்தை ஓட்டை உடைசல்கள் தோற்கடித்தார்கள்.

இந்த வெற்றியை முதுமையின் வெற்றியாகக் கொண்டாடுவது எங்கள் நோக்கமன்று. நாற்பத்தொன்று முதுமையும் அன்று. எங்களைத் தடுத்து நிறுத்தியது அந்தப் படகின் பிற்கால வரலாறு. அந்த ஒன்பது பேரில் ஒருவர் 1913இலேயே இறந்துவிட்டார். அதற்கடுத்த ஆண்டு முதல் உலகப் போர் தொடங்கியது. காக்ஸாக அமர்ந்திருந்த கில்கிறிஸ்ட் மக்லாகன் 1915இல் போரில் மாண்டார். ரொனால்ட் சாண்டர்சன் 1918இல் மாண்டார். இருவருக்கும் இடையில், 1916 நவம்பரில், ஃபிரெடரிக் செப்டிமஸ் கெல்லி. இலக்கிய வாசகர்கள் இவரை வேறொரு வழியில் அறிந்திருக்கலாம். கெல்லி ஓர் இசையமைப்பாளர். கவிஞர் ரூபர்ட் புரூக்கின் நண்பர். 1915 ஏப்ரலில் ஸ்கைராஸ் தீவில் புரூக்கை அடக்கம் செய்தபோது உடனிருந்தவர்களில் ஒருவர். நண்பரின் நினைவாக அவர் இயற்றிய இரங்கல் இசை இன்றும் வாசிக்கப்படுகிறது. அதை இயற்றியவரும் அடுத்த ஆண்டே பிரான்ஸில் கொல்லப்பட்டார்.

ஆக, 1908இல் தங்கம் வென்ற அந்த ஒன்பது பேரும் மீண்டும் ஒருமுறை ஒரே படகில் அமரும் வாய்ப்பு ஐந்தே ஆண்டுகளில் இல்லாமற் போயிற்று. பத்தாண்டுகளுக்குள் நான்கு இடங்கள் வெறுமையாயின. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே 1829இல் தொடங்கிய புகழ்பெற்ற போட்டியும் 1915 முதல் 1919 வரை நடக்கவில்லை. 1920இல் அது மீண்டும் தொடங்கியபோது, முன்பு அதில் வலித்த பலர் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் மண்ணுக்கடியில் இருந்தார்கள். ‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு’ என்ற கேள்வியைக் கேட்கும் பேறுகூட அவர்களுக்கு வாய்க்கவில்லை.

*

இதே பின்னணியில் இன்னொரு படகை வைத்துப் பார்க்க வேண்டும். 1914 ஜூலை முதல் வாரம். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஹென்லியில் தலைசிறந்த கோப்பைக்கான இறுதிப் போட்டிக்கு வந்த இரு படகுகளும் அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தைச் சேர்ந்தவை: ஒன்று யூனியன் படகுக் கழகம், மற்றொன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் நிலைக் குழு. ஹார்வர்ட் வென்றது. அந்தக் கோப்பையை வென்ற முதல் அமெரிக்கக் குழு அதுதான். ஒரு மாதத்தில் பிரிட்டன் போரில் இறங்கியது. ஹென்லிப் போட்டிகள் நின்றுபோயின.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 1964இல் அதே ஹார்வர்ட் குழுவினர் ஹென்லிக்குத் திரும்பி வந்தார்கள். அனைவரும் உயிருடன் இருந்தார்கள், அனைவரும் வந்தார்கள். எழுபதை ஒட்டிய வயதில் படகில் ஏறி, கரையில் நின்றிருந்த கூட்டத்தின் முன் அதே நீரில் மீண்டும் வலித்தார்கள். 1839 முதல் கைமாறி வந்த பழைய கோப்பைக்கு மாற்றாகப் புதிய கோப்பை ஒன்றையும் பரிசளித்தார்கள். இன்று ஹென்லியில் வெல்பவர்கள் உயர்த்திப் பிடிப்பது அந்தக் கோப்பையைத்தான்.

அக்குழுவின் தலைவர் லெவரெட் சால்டன்ஸ்டால். இடைப்பட்ட காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநராக இருந்து, பின்னர் அமெரிக்க செனட் உறுப்பினரானவர். 1964இல் அவருக்கு வயது 71. அப்போதும் செனட்டில்தான் இருந்தார். அதிகாரம், புகழ், குடும்பப் பெருமை எல்லாம் பெற்ற மனிதர். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1944இல், பசிபிக் தீவான குவாமில் தம் மகன் ஒருவரைப் போரில் இழந்தவரும்கூட. அவர் படகில் ஏறி உட்கார்ந்தபோது செனட்டராக இருந்திருக்க முடியாது. முன்னிருந்தவரின் முதுகைப் பார்த்துத் துடுப்பை அசைத்த எட்டுப் பேரில் ஒருவர், அவ்வளவுதான். வாழ்க்கை அவருக்குக் கொடுத்தவற்றையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றையும் கரையில் வைத்துவிட்டுத்தான் அந்த இருக்கையில் அமர முடியும். வயதானவர்கள் அங்கே இளமையைத் தேடிச் செல்கிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் தேடுவது, தம் பெயருக்கு முன்னால் எதுவும் சேராதிருந்த அந்த நிலையை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

*

ஹார்வர்டையும் செனட்டரையும் சொன்னவுடன் எழக்கூடிய மறுப்பு எங்களுக்குத் தெரியும். ‘இதெல்லாம் மேட்டுக்குடியினரின் விளையாட்டு, பங்களாவும் பணியாளும் உள்ளவர்களுக்கு நினைவேக்கமும் ஓர் அலங்காரம்.’ இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. நீண்ட காலம் இவ்விளையாட்டு அவர்களுடையதாகத்தான் இருந்தது. ஆனால் 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற எண்மர் படகு இந்த மறுப்பைத் திணறடிக்கும்.

அது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் படகு. விவசாயிகளின் பிள்ளைகளும், மரம் வெட்டுதல், மீன்பிடித்தல் போன்ற தொழில்கள் சார்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பொருளாதார மந்தம் நாட்டை நெரித்துக்கொண்டிருந்த காலம். அவர்களில் ஒருவரான ஜோ ரான்ட்ஸ் பள்ளிப் பருவத்திலேயே தந்தையாலும் சிற்றன்னையாலும் கைவிடப்பட்டுத் தன்னந்தனியாக வளர்ந்தவர். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற பிறகு, பெர்லின் செல்வதற்கு 5000 டாலரை நீங்களே திரட்டிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. சியாட்டில் மக்கள் சில்லறை சில்லறையாகச் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்கள். குருனாவ் ஏரியில் ஹிட்லரின் முன்னிலையில் நடந்த இறுதிப் போட்டியில், மிக மோசமான ஓரத்துத் தடம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தாளத்தை வகுக்க வேண்டிய டான் ஹியூம் காய்ச்சலுடன் வந்திருந்தார். 6 நிமிடம் 25.4 நொடியில் அவர்கள் எல்லைக்கோட்டைத் தொட்டபோது இத்தாலி 0.6 நொடி பின்தங்கியிருந்தது. ஜெர்மனி ஒரு நொடி.

பிறகு அவர்கள் பிரிந்து போய்ப் பொறியாளர்களாகவும் மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆனார்கள். ஆனால் தொடர்ந்து கூடினார்கள். 1986இல், பொன்விழா ஆண்டில், ‘ஹஸ்கி கிளிப்பர்’ என்ற அதே பழைய மரப்படகைத் தண்ணீரில் இறக்கிக் கடைசி முறையாக வலித்தார்கள். அப்போது குழுவில் ஒருவர் இல்லை. சார்லஸ் டே என்ற மருத்துவர் 1962இலேயே இறந்திருந்தார். மற்றவர்கள் எழுபதைத் தொட்டுக்கொண்டோ தாண்டியோ இருந்தார்கள். 2009இல் அவர்களில் கடைசியானவரும் மறைந்தார். டேனியல் ஜேம்ஸ் பிரவுன் 2013இல் எழுதிய நூலும், அதையொட்டி ஜார்ஜ் க்ளூனி இயக்கி 2023இல் வெளிவந்த திரைப்படமும் இவர்களை உலகறியச் செய்தன. அந்தப் படகு இன்று பல்கலைக்கழகப் படகுக்கூடத்தின் கூரையில் தொங்குகிறது.

தாய்தந்தையர் கைவிட்ட பிள்ளை ஒருவன், வேறு ஏழு பேரை நம்புவதற்குக் கற்றுக்கொண்ட இடம் அந்தப் படகு. ஐம்பதாண்டுகள் கழித்து அவர் அதில் ஏறியதை அலங்காரம் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

*

இனி, எங்களுக்குள் நிகழ்ந்த உண்மையான வாதத்துக்கு வருவோம். கூடட்டும், சடங்காக ஒரு சுற்றுச் சுற்றட்டும், அதில் அழகு இருக்கிறது. ஆனால் போட்டி எதற்கு என்று ஒருவர் கேட்டார். எழுபது வயதில் யாரை வென்று என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்விதான். 1964இலும் 1986இலும் நடந்தவை போட்டிகள் அல்ல, நினைவுச் சடங்குகள். ஆனால் இன்று ஆயிரக்கணக்கான பழைய படகோட்டிகள் போட்டிக்கே திரும்புகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் முன்னாள் வீரர்களுக்கு இடையே தேம்ஸில் தனிப்போட்டி நடக்கிறது. பாஸ்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையில் ஓடும் சார்லஸ் ஆற்றில் 1965 முதல் அக்டோபர் மாதந்தோறும் நடைபெற்றுவரும் பெரும் போட்டியில், பல்கலைக்கழகங்களின் பழைய மாணவர்களுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. ஐம்பது, அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் பிரிவுகள் உண்டு. மூன்று மைல் தூரம், பல பாலங்கள், கூரிய வளைவுகள். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில நொடி இடைவெளியில் புறப்படும். கடிகாரம்தான் எதிரி. யார் வென்றார் என்பது கரையேறிய பிறகே தெரியும்.

உடல் ஒத்துழைக்கிறதா என்றால், முழுமையாக இல்லை. முப்பது வயதுக்குப் பிறகு உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் திறன் பத்தாண்டுக்கு ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு இந்தச் சரிவு மெல்ல நிகழும். ஆனால் நிகழாமல் இருப்பதில்லை. இதை ஒப்புக்கொண்டுதான் மூத்தோர் போட்டிகளுக்கு விதி வகுத்திருக்கிறார்கள். ஒலிம்பிக்கில் 2000 மீட்டர் என்றால் உலக மூத்தோர் போட்டியில் 1000 மீட்டர். அந்த விதிகளில் எங்களை வெகுநேரம் சிந்திக்க வைத்தது ஒன்று. எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்பதைத் தனிமனிதரின் வயது தீர்மானிப்பதில்லை. வலிப்பவர்கள் அனைவரின் வயதையும் கூட்டி, தலைகளின் எண்ணிக்கையால் வகுத்து, அந்தச் சராசரியைப் படகின் வயதாக வைத்துக்கொள்கிறார்கள். எழுபத்தைந்து வயதுக்காரரும் அறுபத்தைந்து வயதுக்காரரும் சேர்ந்தால் எழுபது. அங்கே முதுமைகூடத் தனிச்சொத்தல்ல, பொதுச்சொத்து.

போட்டி ஏன் வேண்டும் என்பதற்கு எங்கள் விடை இதுதான். சடங்கில் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்ளலாம். போட்டியில் ஒருவரை ஒருவர் நம்பியாக வேண்டும். சடங்காகச் சுற்றும்போது துடுப்பை நீரில் தொட்டும் தொடாமலும் அசைத்தால் போதும்; யாரும் குறை சொல்லப்போவதில்லை. ‘அன்றைக்கு நாம் எப்படி இருந்தோம்’ என்ற பேச்சில் கொஞ்சம் பொய்யும் கலக்கலாம். அது வயதின் சலுகை. ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் படகு பொய்யை ஏற்றுக்கொள்வதில்லை. யார் பிந்துகிறார், யாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, யார் பயிற்சிக்கு ஒழுங்காக வந்தார், யார் வரவில்லை என்பதெல்லாம் இருக்கை வழியாக மற்ற ஏழு பேருக்கும் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் சேர்ந்து வலிப்பது வேறொரு நட்பு. இளமையில் வலிமையை நம்பிச் சேர்ந்தார்கள்; இப்போது ஒருவரது குறையை ஒருவர் அறிந்து சேர்கிறார்கள். இரண்டாவதே உயர்ந்தது என்பது எங்கள் துணிபு.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற ஜேம்ஸ் கிராக்னெல் 2019இல், தமது 46ஆம் வயதில், கேம்பிரிட்ஜ் மாணவராகச் சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு எதிரான போட்டியில் வலித்து வென்றார். அப்போட்டியில் வலித்தவர்களிலேயே வயதில் மூத்தவர் அவர்தான். வியக்கத்தக்க சாதனை, ஐயமில்லை. ஆனால் அது இளைஞர்களிடையே தனியொருவராகச் சென்று காலத்தை எதிர்த்த செயல். நாம் பேசிக்கொண்டிருப்பவர்கள் காலத்தை எதிர்க்கவில்லை. தம் வயதுக்காரர்களோடு சேர்ந்து, தம் வயதாகவே வலிக்கிறார்கள்.

*

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இக்கட்டுரை பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மகளிருக்கு இடையிலான முதல் போட்டி 1927இல் நடந்தபோது, இரு படகுகளும் ஒரே நேரத்தில் ஆற்றில் இறங்க அனுமதி இல்லை. வேகத்தோடு, வலிக்கும் பாங்கு நளினமாக இருக்கிறதா என்றும் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். ஆண்கள் போட்டியிடும் அதே தேம்ஸ் தடத்தில் அதே நாளில் அவர்களும் வலிக்க 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. 1976இல்தான் ஒலிம்பிக்கில் மகளிர் படகோட்டம் சேர்க்கப்பட்டது; அப்போதும் தூரம் ஆண்களுக்கு 2000 மீட்டர், பெண்களுக்கு 1000. அந்த வேறுபாடு நீங்க 1988 வரை ஆயிற்று.

அதே 1976 மார்ச்சில் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். படகுக்கூடத்தில் ஆண்களுக்குக் குளியலறை இருந்தது, பெண்களுக்கு இல்லை. குளிர்காலப் பயிற்சி முடிந்ததும், ஆண்கள் வெந்நீரில் குளித்துவிட்டு வரும்வரை பெண்கள் ஈர உடையுடன் பேருந்தில் காத்திருந்தார்கள். நோய்வாய்ப்பட்டார்கள். முறையிட்டும் பயனில்லாத நிலையில், கிறிஸ் எர்ன்ஸ்ட் என்ற மாணவியின் தலைமையில் பத்தொன்பது பெண்கள் நிர்வாக அலுவலகத்துக்குள் சென்று மேலாடைகளைக் களைந்து நின்றார்கள். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தின் பெயர் அவர்கள் உடல்களில் எழுதப்பட்டிருந்தது. கிறிஸ் எர்ன்ஸ்ட் ஓர் அறிக்கையை வாசித்தார். அடுத்த நாள் அது நாடெங்கும் செய்தி ஆயிற்று. பின்னர் அவர்களுக்கான வசதிகள் கட்டித் தரப்பட்டன. கிறிஸ் எர்ன்ஸ்ட் அவ்வாண்டே ஒலிம்பிக்கில் வலித்தார். பத்தாண்டுகள் கழித்து உலகப் பட்டமும் வென்றார்.

அந்தத் தலைமுறைப் பெண்கள் மூத்தோர் போட்டிகளுக்குத் திரும்பும்போது அதற்கு இன்னொரு பொருள் சேர்கிறது. ஆண்கள் தமக்குக் கிடைத்ததை நினைவுகூரத் திரும்புகிறார்கள். பெண்கள் தமக்கு அரைகுறையாகக் கிடைத்ததை முழுமையாக எடுத்துக்கொள்ளத் திரும்புகிறார்கள். ஒரு காலத்தில் பெண்களால் முடியாது என்று பாதியாகக் குறைக்கப்பட்ட அதே 1000 மீட்டரை இன்று எழுபது வயது ஆண்களும் பெண்களும் சமமாக வலிக்கிறார்கள். யாரால் எது முடியும் என்பதைக் கரையில் நின்று தீர்மானித்தவர்களின் கணக்கு எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

*

‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு’ என்ற கேள்வி கரையில் நிற்பவர்களின் கேள்வி. எங்களுடையதைப் போன்ற பழைய மாணவர் சந்திப்புகள் பெரும்பாலும் கரையிலேயே நடந்து முடிகின்றன. ஆசிரியருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப்படம், விருந்து. அவற்றில் தவறில்லை. ஆனால் அன்று நம்மை ஒன்றாக்கியது விருந்தல்ல. சேர்ந்து செய்த ஒரு வேலை. அந்த வேலையைத் தொடாமல் அந்த ஒற்றுமையை மட்டும் பேச்சில் வரவழைக்க முயல்கிறோம். பேச்சு இனிமையாகத்தான் இருக்கிறது. படகு மட்டும் கூரையில் தொங்குகிறது.

வென்ற படகை இருபதாண்டுகள் கழித்து மீண்டும் இறக்கினால் முன்னைப்போல் ஓடாது என்பது வலிப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைச் சேர்ந்து அறிந்துகொள்ளவும், குறைந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்க்கவும்தான் ஏறுகிறார்கள். அதற்கும் ஒரு கெடு இருக்கிறது. 1914இன் ஹார்வர்ட் குழுவுக்கு ஐம்பது ஆண்டுகள் கிடைத்தன. 1908இன் லியாண்டர் குழுவுக்கு ஐந்தே ஆண்டுகள். தம் படகுக்கு எத்தனை ஆண்டுகள் என்று எந்தக் குழுவுக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை.

எங்கள் ஆறு பேரின் வயதையும் கூட்டி ஆறால் வகுத்துப் பார்த்தோம். 58 வந்தது. பத்தாவது இதழுக்கான தாள் வாங்கியாகிவிட்டது. அழகாக எழுதுபவரின் கை இப்போது சற்று நடுங்குகிறது. அவரே எழுத வேண்டும் என்று மற்ற ஐவரும் முடிவு செய்திருக்கிறோம்.